கடனும் களிப்பும்

சென்ட்ரலிலிருந்து டில்லிக்குப் புறப்படும் ரயில் புளியந்தோப்பை ஒட்டித்தான் செல்கிறது. அங்கே பல குடும்பங்களுக்கு ஒரு காலத்தில் பக்கிங்காம் கர்நாடிக் ஆலையின் சங்கொலியே உலகத்தின் எல்லை. 1996-இல் அந்த ஆலை மூடப்பட்டது. அத்தகைய வீட்டுப் பிள்ளை இன்று வெளிமாநிலப் பல்கலைக்கழகத்தை நாடிச் செல்கிறான். அங்கே நண்பர்களோடு சிரித்து மகிழவும் செய்கிறான். தாய் உழைத்து அனுப்பும் பணத்தில் களிப்பு தகுமா என்று சிலர் கேட்கிறார்கள்.

அம்பேத்கர் 1913-இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். திரும்பி வந்து சமஸ்தானத்தில் பணியாற்றுவதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்திருந்தார். கடன்பட்டவர்தாம். ஆயினும் தம் வாழ்வின் சிறந்த நண்பர்களுள் அங்கே உடன் படித்தவர்களையும், ஜான் டூயி போன்ற பேராசிரியர்களையும் பின்னாளில் நன்றியோடு குறிப்பிட்டார். 1917-இல் வாக்கைக் காக்கப் பரோடா சென்றவரைச் சாதியின் பெயரால் விடுதியிலிருந்து வெளியேற்றினார்கள். அநீதியை அவர் சிறுவயதிலேயே அறிவார். சமத்துவம் வெறுங்கனவன்று என்பதற்குத்தான் அந்த வெளிநாட்டு ஆண்டுகள் சாட்சியாயின.

ஆகவே பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரையும் கட்டணத்தையும் மட்டும் பார்த்தால் போதாது. நம் பிள்ளை அங்கே தலைநிமிர்ந்து பிறரோடு சமமாக உட்கார முடியுமா என்றும் கேட்க வேண்டும். அந்த மகிழ்ச்சி தாய்க்குப் பட்ட கடனைத் தள்ளுபடி செய்யாது. அந்தக் கடனை எப்படித் தீர்ப்பது என்பதைக் கற்றுக் கொடுக்கும்.