குறையை மறைப்பதா, கூறுவதா?

பயண நூலாசிரியர் சோமலெ பிறந்த நெற்குப்பைக்கு வருவோர், அவ்வூர்ச் செட்டிநாட்டு வீடுகளின் முகப்பையும் மரத்தூண்களையும் வியந்து நோக்குவர். நாம் அவர்களை வேறொன்றைப் பார்க்கச் சொல்வதுண்டு. அது வீட்டின் அடித்தளம். கடல் அண்மையில் இல்லை, மழையும் மிகுதியில்லை. ஆயினும் தெருவிலிருந்து படியேறியே வீட்டினுள் புக வேண்டியிருக்கிறது. ஏன் இந்த உயரம் என்று கேட்டால் ஊர்ப் பெரியவர்கள் காவிரிப்பூம்பட்டினத்தின் பெயரைச் சொல்வார்கள். நகரத்தாரின் முன்னோர் அங்கே வாழ்ந்தனராம். வெள்ளத்துக்குத் தப்பிப் பாண்டிநாட்டு மேட்டு நிலம் வந்தனராம். அந்த அச்சமே மேடையாக எழுந்து நிற்கிறதாம். இது செவிவழிச் செய்தி. எனினும் பட்ட அடியை மறவாது, பேரப்பிள்ளைகள் கால் வைக்கும் படியிலேயே அதைப் பதித்து வைக்க வேண்டும் என்னும் எண்ணம் போற்றத் தக்கது.

வெள்ளத்தை நினைவில் வைப்பது எளிது. அதில் குற்றவாளி என்று எவரும் இல்லை. மனிதர் கட்டியது சரிந்தால், மனிதர் செய்த கணக்குப் பிழைத்தால், நிலைமை வேறு. அதை நினைவுகூர வேண்டுமெனில் 'இன்ன இடத்தில், இன்னார் கையால், இன்ன தவறு நேர்ந்தது' என்று சொல்லியாக வேண்டும். அங்கேதான் நம் நாக்குத் தயங்குகிறது.

அத்தயக்கத்துக்கு மார்க்கத்திலும் ஆதாரம் காட்டுவோர் உண்டு. பிறர் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்ற கருத்துடைய நபிமொழியை அறியாத முஸ்லிம் இல்லை. புறம் பேசுதல் எத்துணை இழிந்தது என்பதையும் சிறு வயதிலேயே ஓதியிருக்கிறோம். அதே சமயம், மார்க்கம் என்பதே நலம் நாடுதல் என்றும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அருளியிருக்கிறார்கள். ஒன்று மூடச் சொல்கிறது. மற்றொன்று எடுத்துரைக்கச் சொல்கிறது. எதை எங்கே கைக்கொள்வது?

இது வெறும் கிதாபுக் கேள்வியாக இருந்திருந்தால் நாம் எழுத முற்பட்டிருக்க மாட்டோம். பல்லாண்டுகளுக்கு முன், நாம் ஓதிக்கொடுத்துவந்த ஒரு மதரஸாவில், மழைக்கால இரவொன்றில் ஜன்னலுக்கு மேலிருந்த சன்ஷேடு இடிந்து விழுந்தது. அல்லாஹ்வின் கிருபையால் பிள்ளைகள் எவரும் அங்கில்லை. காலையில் இடிபாட்டை அள்ள வந்த முதிய கொத்தனார் ஒருவர், உடைந்த துண்டைப் புரட்டிக் காட்டினார். சுவரிலிருந்து வெளியே நீட்டி நிற்கும் பலகைக்கு இழுவிசை மேற்பக்கத்தில்தான் வரும். ஆதலால் கம்பி மேலே கிடக்க வேண்டும். அங்கே அது அடியில் கிடந்தது. கட்டியவர் ஊருக்கு வேண்டியவர்; பொருள் தந்தவர் பெரிய மனிதர். நிர்வாகிகள் கூடினர். 'அல்லாஹ் காப்பாற்றினான், கத்ரின்படி நடந்தது, இதை வெளியே பேச வேண்டாம்' என்று முடிவாயிற்று. தீர்மானப் புத்தகத்தில் 'மழையினால் சேதம்' என்று எழுதினார்கள். அதன் கீழே நாமும் கையெழுத்திட்டோம்.

இரண்டாண்டு சென்றபின் அதே கொத்தனார் வேறோர் ஊரில் கட்டிய வீட்டில், சன்ஷேடின் முட்டுகளை உருவியபோது அது பெயர்ந்து, கீழே நின்ற சித்தாள் பெண்ணின் தோளில் விழுந்தது. எலும்பு முறிந்தது. அதன்பின் அவரால் தலையில் சுமை தூக்க இயலவில்லை. அங்கும் கம்பி அடியில்தான் கிடந்தது. நாம் மறைத்தது ஒருவருடைய குறையை. அதற்கு விலை கொடுத்ததோ, நம்மை முன்பின் அறியாத ஓர் ஏழைப்பெண்.

அன்று முதல், தவறு நேர்ந்த இடத்தில் அதன்பின் என்ன செய்தார்கள் என்று கவனித்து வருகிறோம். நம் பகுதிக்கு அண்மையிலேயே இரண்டு சான்றுகள் உள்ளன. இரண்டும் இராமேஸ்வரத்தைச் சார்ந்தவை.

1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்ததைப் பெரியவர்கள் இன்றும் நடுக்கத்தோடு சொல்வார்கள். அன்றிரவு நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு பாம்பனிலிருந்து புறப்பட்ட ரயில், தனுஷ்கோடியை நெருங்குகையில் கைகாட்டி விளக்கு எரியாமையால் நின்றதென்றும், சற்றே காத்திருந்து, ஊதலை ஒலித்தபடி இருளில் முன்னேறிற்றென்றும் சொல்லப்படுகிறது. பேரலை அதை விழுங்கியது. ஒருவரும் மீளவில்லை. 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலத்தின் பெரும்பாலான இரும்புக் கண்களும் கடலில் வீழ்ந்தன. இளம் பொறியாளராயிருந்த ஸ்ரீதரன் அவர்களின் பொறுப்பில் 46 நாட்களில் பாலம் சீர்செய்யப்பட்டதை எல்லோரும் புகழ்கிறோம், புகழ்வது முறையே. ஆனால் பிற்காலத்தில் அப்பாலத்தில் பொருத்தப்பட்ட ஒரு சிறு கருவியைப் பேசுவார் குறைவு. அது காற்றின் வேகத்தை அளந்துவந்தது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டியபோதெல்லாம், எந்த மனிதரின் அனுமதிக்கும் காத்திராமல் கைகாட்டி சிவப்பாகிவிட்டது. ரயில் கரையிலேயே நின்றது. இருளில் நின்ற ஓட்டுநரிடம் 'போகலாமா, கூடாதா?' என்ற முடிவை விட்டுவைத்தது எவ்வளவு பெரிய பாரம் என்பதை அக்கருவி ஒப்புக்கொள்கிறது.

மூப்படைந்த அப்பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. அருகே எழுந்த புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. அதற்கு முன்பு, 2024 நவம்பரில் அதை ஆய்ந்த ரயில்வே பாதுகாப்பு ஆணையர், திட்டமிடலில் தாம் கண்ட குறைகளைக் கடுமையாகவே எழுத்தில் சுட்டினார். அவருடைய ஆணையம் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இயங்குவதன்று. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இயங்குவது. சோதிப்பவர் சோதிக்கப்படுபவரிடம் கைகட்டி நிற்கலாகாது என்பதற்கே இவ்வேற்பாடு. கட்டியவரையும் கொடுத்தவரையும் உறவையும் எண்ணிக் கையெழுத்திட்ட நம் நிர்வாகக் கூட்டம் அப்போது நினைவுக்கு வந்தது.

மற்றொரு சான்று, அதே இராமேஸ்வரத்தில் 1931-இல் பிறந்த ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்களின் வாழ்விலிருந்து கிடைக்கிறது. 1979 ஆகஸ்ட் 10. ஸ்ரீஹரிக்கோட்டாவில் எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் புறப்படத் தயாராக நிற்கிறது. ஏவுதலைக் கண்காணித்த கணிப்பொறி ஒரு குறையைக் கண்டு நிறுத்தம் காட்டுகிறது. கட்டுப்பாட்டு அமைப்பில் கசிவு. ஆயினும் தேவைக்கு மேல் இருப்பு உண்டு, போகலாம் என்கின்றனர் வல்லுநர். திட்ட இயக்குநரான கலாம் கணிப்பொறியின் எச்சரிக்கையை மீறி ஏவ முடிவெடுத்தார். இரண்டாம் கட்டத்தில் கலம் நிலைகுலைந்து வங்கக் கடலில் வீழ்ந்தது. அன்று பத்திரிகையாளர்முன் அமர்ந்து பழியை ஏற்றவர், இஸ்ரோவின் தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18 அன்று அடுத்த கலம் ரோகிணியைச் சுற்றுப்பாதையில் சேர்த்தபோது, பேசும் பொறுப்பை அவர் கலாமிடம் விட்டார்.

தலைவரின் பெருந்தன்மையை மட்டும் கண்டு நாம் நின்றுவிடுகிறோம். அதனினும் நுட்பமான ஒன்று இதில் உண்டு. தவான் தம் உதவியாளரின் மானத்தை உலகின் கண்ணிலிருந்து மறைத்தார். ஆனால் கசிவை மறைக்கவில்லை. எந்தத் திறப்பில் கோளாறு, எதனால் கோளாறு என்று உள்ளே அங்குலம் அங்குலமாக ஆராய்ந்தார்கள். கலாமும், 'முடிவெடுத்தவன் நானே' என்பதைப் பிற்காலத்தில் மாணவர் கூட்டங்களில் தாமே சொல்லி வந்தார். மனிதரைப் போர்த்தியதும் பிழையைத் திறந்ததும் ஒரே இடத்தில் நிகழ்ந்தன. இரண்டு நபிமொழிகளுக்கும் இடையே முரண் இல்லை என்பது நமக்கு இங்கே விளங்கிற்று.

இதைத் தலைகீழாகச் செய்தால் என்னாகும் என்பதற்குப் பிரிட்டன் ஒரு சான்று தந்திருக்கிறது. அந்நாட்டு அஞ்சலகம் 1999-இல் புஜித்ஸு நிறுவனத்தின் 'ஹொரைசன்' என்னும் கணினிக் கணக்கு முறையைப் புகுத்தியது. அது கிளை அஞ்சலகங்களின் கணக்கில், இல்லாத பற்றாக்குறையைக் காட்டியது. கிளைகளை நடத்தியோர் முறையிட்டபோது, 'இத்தகைய குறை உமக்கு மட்டுமே நேர்கிறது' என்று பலருக்கும் மறுமொழி கிடைத்தது. 1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்டோர்மீது திருட்டு, பொய்க்கணக்கு என்று வழக்குத் தொடுக்கப்பட்டது. அவர்களுள் நம் நாட்டு வம்சாவளியினரும் பலர். கருவுற்றிருந்த பெண்ணொருவர் சிறை சென்றார். வீடிழந்தவர், உயிரை மாய்த்துக்கொண்டவர் உண்டு. அம்முறையில் பிழைகள் இருந்தன என்று 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 மே மாதத்தில் பாராளுமன்றமே சட்டமியற்றித் தண்டனைகளை நீக்கிற்று. அங்கே இயந்திரத்தின் பிழை போர்த்தப்பட்டது. மனிதரின் மானம் தெருவில் கிழிக்கப்பட்டது. நிறுவனத்தின் பெயரைக் காக்க அப்பாவியின் பெயரைக் கெடுப்பது, குறையை மறைக்கும் நற்செயலாகாது, அது அநீதி.

இந்த வேறுபாட்டை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். ஹதீஸ் கலையில் 'ஜர்ஹு வ தஃதீல்' என்றொரு துறை உண்டு. அறிவிப்பாளர்களின் நேர்மை, நினைவாற்றல், தவறும் இடம் யாவற்றையும் எடைபோட்டு எழுதிவைக்கும் துறை அது. முதுமையில் எவருக்கு நினைவு தடுமாறியது, அதற்கு முன் அவரிடம் கேட்டவர் யார், பின் கேட்டவர் யார் என்பது வரை குறித்தனர். இமாம் புகாரீ (ரஹ்) அவர்களின் ஆசிரியரும் ஹிஜ்ரி 234-இல் மறைந்தவருமான அலீ இப்னுல் மதீனீ (ரஹ்) அவர்களிடம், அவர்களுடைய தந்தையின் அறிவிப்புகளைப் பற்றிக் கேட்டார்கள். வேறொருவரிடம் கேளுங்கள் என்றார்கள். மீண்டும் வற்புறுத்தவே, தலைகுனிந்து, பின் நிமிர்ந்து, இது மார்க்கம் என்று கூறி, தம் தந்தை பலவீனமானவரே எனத் தெரிவித்தார்கள். அது தந்தையைப் பற்றிய புறமாகாது. தந்தையின் தொழுகையையோ இல்லறத்தையோ அவர்கள் பேசவில்லை. பிறர் நம்பி எடுத்துக்கொள்ளும் ஒன்றில் உள்ள விரிசலை மட்டுமே காட்டினார்கள். புறம் பேசுதல் ஆகுமான இடங்களை வரையறுத்த இமாம் நவவீ (ரஹ்) அவர்களும், பிறரைத் தீங்கினின்று எச்சரிப்பதை அவற்றுள் ஒன்றாக வைத்தார்கள்.

ஆகவே அளவுகோல் தெளிவு. ஒருவருடைய தனி வாழ்வோடு முடியும் குறையை மூடுக. பிறர் தலைமேல் விழக்கூடிய குறையைச் சொல்லுக. சீர்செய்யக் கூடியவரிடம், சீர்செய்யத் தேவையான அளவில், இழிவுபடுத்தும் எண்ணமின்றிச் சொல்லுக.

'கத்ர்' என்னும் சொல்லைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். ஆதம் (அலை) அவர்களும் தவறினார்கள், இப்லீசும் தவறினான். ஆதமும் ஹவ்வாவும் தமக்குத் தாமே அநீதி இழைத்துக்கொண்டதாக ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்கள். இப்லீசோ, தன்னை வழிகெடுத்தவன் இறைவனே என்றான். விதியை நம்புவது ஈமானின் பகுதி. ஆனால் அடியில் போட்ட கம்பிக்கு விதியைச் சாட்சிக்கு அழைப்பது யாருடைய வழி என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் நாம் கையெழுத்திட்ட அந்த வரியை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு சுடுகிறது.

காலந்தாழ்த்தியேனும் அந்தக் கொத்தனாரை நாம் தேடிச் சென்றோம். முதல் சன்ஷேடு எதனால் விழுந்தது என்பதை எடுத்துச் சொன்னோம். அவர் கோபிப்பார் என்று எண்ணினோம். நெடுநேரம் பேசாதிருந்தவர், "மழையிலே விழுந்திடுச்சுன்னுதான் எங்கிட்டச் சொன்னாங்க, அஜ்ரத். அன்னைக்கே யாராவது சொல்லியிருந்தா, கம்பியை மேலே கட்டியிருப்பேனே" என்றார்.

நாம் காத்ததாக எண்ணியவரையும் நாம் காக்கவில்லை. பிழையைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பை அவரிடமிருந்து பறித்தோம். ஒரு பெண்ணின் தோளுக்கு அவரைக் காரணமாக்கினோம். அந்தப் பெண்ணின் வீட்டுக்கும் சென்று, நம் பங்கைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவர் என்ன சொன்னார் என்பது அவருக்கும் நமக்கும் இடையில் இருக்கட்டும்.

வாசகக் குடும்பத்தார்க்கு நம் வேண்டுகோள் ஒன்றுதான். உங்கள் பள்ளிவாசலிலோ, மதரஸாவிலோ, கடையிலோ, வீட்டிலோ ஏதேனும் சரிந்தால், கணக்குத் தவறினால், அதைக் கூட்டி அள்ளுவதற்கு முன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். கண்டதை உள்ளபடி எழுதி வையுங்கள். செய்தவரைத் தனியே அழைத்து, அன்போடு சொல்லுங்கள். உங்கள் பிள்ளை, 'நான்தான் உடைத்தேன்' என்று வந்து நின்றால் முதலில் அடிக்காதீர்கள். எப்படி உடைந்தது என்று கேளுங்கள். உண்மை சொன்னதற்காக அடிவாங்கிய பிள்ளை, நாளை ஒரு பாலத்துக்கோ கணினிக்கோ பொறுப்பேற்கும்போது மௌனமாக இருக்கக்கூடும்.

நம் குறைகளை நமக்குக் காட்டித் தருபவர்களுக்கு வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! அவர்கள் சொல்வதைக் கேட்கும் செவியை நமக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.