அலகைப் பார்த்தாயா, சொல்!

விடிந்தும் விடியாத நேரம். இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளியில், 2,000 மீட்டருக்கும் மேலே, அரெங்கா குளத்தருகே பல் கிட்டிக்க நிற்கிறாய். நீரோரப் புதரிலிருந்து ஊசியாய் ஒரு சீழ்க்கை. கரியதாய் ஏதோ ஒன்று பாய்ந்து மறைகிறது. உடனே பக்கத்தில் நிற்பவரின் முகத்தைப் பார்க்கிறாயே, எதற்கு? பார்த்தது உன் கண் அல்லவா?

நீ தேடி வந்தது இலங்கைச் சீகாரப் பூங்குருவி. அந்தத் தீவின் மலைக்காட்டு ஓடைகளை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. அதன் பழைய பேரினப் பெயர்தான் குளத்துக்கே பெயராயிற்று. ஆணின் தோளில் நீலத் திட்டு மின்னும் என்று புத்தகம் சொல்லும். மின்னும்தான், வெளிச்சம் இருந்தால்! அதுவோ அந்திசந்தியில்தான் வெளியே தலைகாட்டும். நீலத்தையே நம்பி நின்றால் ஏமாறுவாய்.

அலகைப் பார்! அதே காட்டில் கருஞ்சாம்பல் உடம்போடு கரும்பறவையும் திரிகிறது. அதன் அலகு ஆரஞ்சு. அரையிருட்டிலும் தணல்போல் தெரியும். பூங்குருவிக்கு அலகும் கறுப்பு, காலும் கறுப்பு. பெட்டை பழுப்பாக இருக்கும். இவ்வளவுதான் வித்தை. இதற்கு விலையுயர்ந்த கேமரா வேண்டாம். (கேமராத் திரையைக் குனிந்து பார்த்தே பறவையைத் தவறவிட்டவர்கள் ஏராளம்.)

அலகைப் பார்க்கவில்லையா? "பார்க்கவில்லை" என்று எழுது. கூசாதே! தெரியாததைத் தெரிந்ததாக எழுதும் கைதான் நடுங்க வேண்டும். பார்த்தாயா? யார் சிரித்தாலும் எழுதியதை அடிக்காதே, அழிக்காதே!

பறவையியலாளர் தீபால் வரககொட 1995-இல் இலங்கையின் மழைக்காட்டு இருளில் அறிமுகமில்லாத ஓர் ஆந்தைக் குரலைக் கேட்டார். உருவத்தைக் கண்டது 2001-இல். ஆறு ஆண்டுகள் கையில் இருந்தது ஒரு குரல் மட்டுமே! அதை விடாமல் பிடித்துக்கொண்டார். 2004-இல் செரண்டிப் ஆந்தை அறிவியலுக்குப் புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. அவர் காதை அவர் நம்பினார். உன் காதுக்கு என்ன குறை?

பேச்சை நிறுத்து. பென்சிலை எடு. அதோ, மறுபடியும் அந்தச் சீழ்க்கை. இடப்பக்கம், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாசி படிந்த வேரில்.

அலகு என்ன நிறம்?