உபகாரமா, சம்பளமா?

மேற்படிப்புக்கு அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று நம் வீட்டுப் பிள்ளைக்கு இடம் கொடுத்து, செலவுக்குப் பணமும் தருவதாக எழுதினால், அன்று தெருவெல்லாம் சர்க்கரை போகும். ஆரவாரம் அடங்கி, பெட்டி கட்டும் நாள் நெருங்கும்போதுதான் ஒரு கேள்வி தலைகாட்டும். இந்தப் பணத்துக்குப் பிள்ளை யாருக்குக் கடமைப்பட்டவன்?

இப்போது கல்வி உதவித்தொகை என்கிறோம். முந்தின தலைமுறையார் அதனை உபகாரச் சம்பளம் என்றார்கள். உபகாரம் என்றால் திருப்பிக் கேட்கலாகாது. சம்பளம் என்றால் அதற்கு ஈடாக வேலை செய்தாக வேண்டும். இரண்டையும் ஒரே பெயரில் கட்டிப்போட்டவர் யாரோ, விவகாரம் தெரிந்தவர்தான்!

கொடுக்கிறவர்களும் இரண்டு மனத்துடனேயே கொடுக்கிறார்கள். 1959-ல் ஆக்ஸ்போர்டில் கூடிய மாநாட்டில் ஏற்பட்ட காமன்வெல்த் உதவித்தொகையில் பிரிட்டனுக்குப் போகிறவர், படிப்பு முடிந்ததும் ஊர் திரும்புவதாக உறுதி கூற வேண்டும். 1892-ல் ஜாம்ஷெட்ஜி டாட்டா தொடங்கிய நிதியோ கடனாகவே கொடுக்கப்படுவது. படித்தவர் திருப்பிக் கட்டுகிற பணம் அடுத்தவரை அனுப்ப உதவும். இம்முறையில் கௌரவம் இருக்கிறது என்பது என் எண்ணம். வாங்கினவன் வாழ்நாளெல்லாம் தலைகுனிந்து நிற்க வேண்டியதில்லை.

நம் அரும்பாவூர் மரச்சிற்பங்களும் கடல் கடந்து போகின்றன. ஒரே மரத்தில் மாதக்கணக்கில் உளி பிடித்துச் செய்த சிலையைத் திரும்பி வா என்று யாரும் கேட்பதில்லை, விலை வாங்கியாகிவிட்டது. பிள்ளை அப்படி விற்ற பொருளன்று. ஆகவே "திரும்பி வா" என்று கேட்க ஊருக்கு உரிமையுண்டு என்பார்கள். உண்டுதான். ஆனால் கேட்கிற ஊர், வந்தவனுக்கு உட்கார இடம் வைத்திருக்க வேண்டும்.

டாக்டர் அம்பேத்கர் 1913-ல் பரோடா மகாராஜாவின் உதவியால், மாதம் பதினொன்றரைப் பவுன் வீதம் பெற்று, நியூயார்க்கின் கொலம்பியாவில் படிக்கச் சென்றார். பத்தாண்டுகள் சமஸ்தானத்தில் பணி செய்வதாக எழுதிக் கொடுத்திருந்தார். வாக்குத் தவறாமல் 1917-ல் பரோடா வந்தார். தீண்டாச் சாதியார் என்று ஒதுக்கப்பட்ட வகுப்பில் பிறந்தவருக்கு அந்நகரில் வாடகைக்கு ஓர் அறை கொடுப்பார் இல்லை. பார்சி சத்திரம் ஒன்றில் பெயரை மறைத்துத் தங்கினார். கண்டுபிடித்தவர்கள் தடியுடன் வந்து வெளியேற்றினார்கள். போக்கிடமின்றிப் பூங்காவில் உட்கார்ந்து வருந்தியதை அவரே எழுதியிருக்கிறார். பம்பாய்க்குத் திரும்பினார். இங்கே ஒப்பந்தத்தை மீறினவர் யார்? கையெழுத்திட்டவரா, அவரைத் திருப்பி அழைத்த ஊரா?

1967-ல் ஆறாம் சின்னப்பர் பாப்பானவர், மக்களின் முன்னேற்றத்தைக் குறித்து எழுதிய நிருபத்தில், அயல்நாடு போய்ப் படிக்கும் இளைஞரைத் தனியே நினைவுகூர்ந்தார். அவர்களை அன்போடு ஏற்றுக்கொள்ளும்படி அந்நாட்டாரைக் கேட்டுக்கொண்டார். தங்கள் நாட்டின் செல்வங்களை அவர்கள் மதிக்க மறந்துவிடுவார்களே என்றும் கவலைப்பட்டார். அந்த வரவேற்பு இந்தக் கரையிலும் வேண்டும் என்று நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

ஊர்க் கடனைப் பேசுகிற நாம் வீட்டுக் கடனைப் பேசுவதில்லை. அண்ணன் பட்டணத்தில் எம்.எஸ்ஸி. படிக்க வேண்டும் என்று பத்தாவதோடு நிறுத்தப்பட்ட தங்கை நம் பங்கிலேயே இல்லையா? அடகு போன அவள் கம்மலும், களையெடுத்து அவள் வாங்கின கூலியும் எந்தப் பல்கலைக்கழகத்தின் கணக்கிலும் ஏறாது. அயல்நாட்டார் கொடுக்குமுன்னே இவள் கொடுத்துவிட்டாள். பிள்ளை அங்கேயே தங்கினாலும் திரும்பினாலும் முதலில் தீர்க்க வேண்டியது இந்தக் கணக்கு. "அவள்தான் கல்யாணமாகிப் போய்விட்டாளே" என்று தாய்மார் சொல்லலாம். அவளுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் அன்றோ?

கணிதமேதை இராமாநுஜன் இதை எப்படித் தீர்த்தார் என்று பாருங்கள். கும்பகோணம் கல்லூரியில் மற்றப் பாடங்களில் தவறியதால் உபகாரச் சம்பளத்தை இழந்து திண்டாடியவர் அவர். பின்பு 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் கொடுத்தது. 1914-ல் கேம்பிரிட்ஜுக்குப் போக ஆண்டுக்கு 250 பவுன் கொடுத்தது. அதிலிருந்து ஒரு பங்கு கும்பகோணத்தில் தாயார் கைக்குப் போக ஏற்பாடு செய்துவிட்டே கப்பலேறினார். போரின் நடுவே சீமையில் நோயுற்றுப் படுத்தார். ஊர் திரும்பும் தறுவாயில் மேலும் ஆண்டுக்கு 250 பவுன் அனுமதித்ததாகச் செய்தி வந்தது. 1919 ஜனவரி 11-ல் அவர் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய பதிலில், தமக்கு இவ்வளவு பணம் தேவையில்லை என்றார். பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுன் போகட்டும். தம் அவசியச் செலவு போக மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகள், அநாதைப் பிள்ளைகளின் பள்ளிச் சம்பளத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும் செலவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 31. அடுத்த ஆண்டு ஏப்ரல் 26-ல் காலமானார்.