பட்டதாரியின் பிள்ளையும் பழம் பறிப்பவளின் பிள்ளையும்

ஐரோப்பிய ஒன்றியம், வெளிநாடுகளிலிருந்து வரும் உழைப்பாளர் அனைவரையும் ஒரே வாசலால் உள்ளே விடுவதில்லை. உயர்கல்வித் தகைமையும் உயர்ந்த வேதனமும் உடையோருக்கு ‘நீல அட்டை’ என்றொரு வாசல் உண்டு. 2009இல் வகுக்கப்பட்டு 2021இல் திருத்தி எழுதப்பட்ட சட்ட ஏற்பாடு அது. பருவகாலத் தொழிலாளருக்கு உரிய வாசல் வேறு. அதனை வகுத்தது 2014ஆம் ஆண்டின் ஏற்பாடு. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படிப்போமாயின், நம்முன் எழுவது வெறும் நிர்வாகப் பிரச்சினை அன்று, அறப் பிரச்சினையாகும்.

நீல அட்டை பெறும் பொறியியலாளர் தம் மனைவி மக்களை உடன் அழைத்துச் செல்லலாம். சில ஆண்டுகள் கழியட்டும் என்று சட்டம் அவரைக் காக்க வைப்பதில்லை. மனைவிக்கும் தொழில் செய்யும் உரிமை உண்டு. ஜேர்மனியில், போதிய மொழியறிவு பெற்றவர் 21 மாதங்களிலேயே நிரந்தர வதிவிட உரிமையை அடையலாம்.

பருவகாலத் தொழிலாளியோ எந்நாட்டிலும் ஆண்டொன்றில் ஒன்பது மாதங்களுக்கு மேல் தங்கலாகாது. சில நாடுகளில் இக்காலம் இன்னும் குறைவு. குடும்பத்தை அழைக்கும் பேச்சுக்கே அங்கு இடமில்லை. தென் ஸ்பெயினின் உவெல்வா மாகாணத்தில் ஸ்ரோபெரிப் பழம் பறிப்பதற்கு மொறோக்கோவிலிருந்து பெண்கள் அழைத்து வரப்படுகின்றனர். சிறு பிள்ளைகளையுடைய தாய்மாரையே தேர்ந்தெடுப்பது அங்கு நெடுங்கால வழக்கம். காரணம் எளிது: பிள்ளை ஊரில் இருந்தால் தாய் தப்பாமல் திரும்பிப் போவாள். ஒருவரின் பிள்ளை உரிமையோடு கூட வருகிறது. மற்றவரின் பிள்ளை பிணையாக ஊரில் நிறுத்தப்படுகிறது.

‘திறமைக்கு உரிய மதிப்பு வேண்டாமா?’ எனச் சிலர் கேட்கக்கூடும். வேண்டும். நீண்டகாலப் பயிற்சியாற் பெற்ற தொழிலுக்குக் கூடிய வேதனம் கொடுப்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், வேதனம் திறமைக்குக் கொடுக்கப்படுவது. பிள்ளையோடு வாழும் உரிமை மனிதருக்கு உரியது. தாயின் முகத்தைத் தேடும் குழந்தைக்கு அவளுடைய கல்வித் தராதரம் தெரியாது. முன்னதை அளக்கும் கோலால் பின்னதையும் அளப்பதே இங்கு நிகழும் தவறு.

அவ்வாறாயின் அந்தப் பொறியியலாளரேனும் மனிதராக மதிக்கப்பட்டாரா? அதுவும் இல்லை. அட்டை பெற்று இரண்டாண்டு நிறையாத ஒருவர் மூன்று மாதங்களுக்கு மேல் வேலையின்றி இருந்தால், அந்த அட்டையை அரசு மீளப் பெறலாம். வேலை போனால், அவரோடு வந்த பிள்ளையின் பள்ளிக்கூடமும் போகும். திறமைசாலிகளைத் தம்பால் இழுக்க நாடுகள் போட்டியிடும் சந்தையில், குடும்ப வாழ்வு அவருக்கு வழங்கப்பட்ட சலுகையே, அங்கீகரிக்கப்பட்ட உரிமையன்று. கூலிக்காரியிடமிருந்து பறிக்கப்பட்டது அவருக்குக் கடனாகத் தரப்பட்டிருக்கிறது. அவ்வளவே வேறுபாடு.

ஆகவே, பொறியியலாளரின் உரிமையைக் குறைக்குமாறு நாம் கோரவில்லை. அது பழம் பறிப்பவளுக்கும் உரியது, எவருக்கும் வேதனத்தின் நிழலில் நில்லாது தனித்து நிற்கவேண்டியது என்றே கூறுகின்றோம். பட்டம் பெற்று வெளிநாடு செல்ல விண்ணப்பம் நிரப்பும் நம் மாணவர்கள், தமக்குத் திறக்கும் வாசலைக் கண்டு மகிழ்வது இயல்பே. அதே சுவரில் வேறொரு வாசல் எவ்வளவு தாழ்வாக அமைக்கப்பட்டுள்ளது என்பதையும் அவர்கள் பார்க்கவேண்டும். பார்க்கக் கற்றுக்கொடுப்பது ஆசிரியரான நம் கடமை.