அழித்தலும் அருளாகுமோ?

இறைவன் இயற்றும் ஐந்தொழில்களுள் படைத்தலையும் காத்தலையும் அருளலையும் கருணையின் செயல்களென்று ஏற்றுக்கொள்வதில் பக்தனுக்கு யாதொரு தடையும் தோன்றுவதில்லை. மறைத்தலைக்கூட, ஆன்மா பக்குவமடையும் பொருட்டுச் செய்யப்படும் உபகாரமென்று சாஸ்திரம் எடுத்துரைக்கும்போது அவன் மனம் ஒருவாறு இசைந்துவிடுகிறது. ஆனால் அழித்தலும் அருளே என்று சைவ சித்தாந்தம் கூறுமிடத்தில் கற்றவர் மனமும் சற்றே தயங்குகிறது. 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்ட தேவர் அருளிய சிவஞானபோதம், உலகம் எவனிடத்தில் ஒடுங்குகிறதோ அவனே அது மீளத் தோன்றுவதற்கும் முதல்வன் என்பதைத் தன் முதல் நூற்பாவிலேயே நிலைநாட்டுகிறது. அவருடைய மாணாக்கராகிய அருணந்தி சிவாசாரியார், பிறந்தும் இறந்தும் களைத்துப்போன உயிர்களின் இளைப்பைப் போக்குவதற்காகவே சம்ஹாரம் ஏற்பட்டதென்று சிவஞான சித்தியாரில் காரணமும் காட்டுகிறார். அழிவைக் கண்டு அழுகின்ற உலகத்தை நோக்கி இவ்வாறு சொல்லுவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்! அந்தத் துணிவுக்கு ஆதாரம் உண்டா என்பதே இங்கே ஆராயத்தக்க வினா.

மரணம், பிரளயம் முதலிய பெரிய விஷயங்களை நேராக எடுத்துக்கொண்டால் அச்சமும் துக்கமும் விவேகத்தை மறைத்துவிடும். ஆகவே, கண்ணீருக்கு இடமில்லாத ஒரு சிறு திருஷ்டாந்தத்தை எடுத்துக்கொள்ளுதல் நலம். நியூஸிலாந்திலும் வேல்ஸ் நாட்டிலும் மலைச்சரிவுகளில் ஆடு மேய்க்கும் பண்ணைக்காரர்கள் குவாட் பைக் எனப்படும் நாற்சக்கர வண்டியை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகிறார்கள். 1970-இல் ஹோண்டா நிறுவனம் மூன்று பருத்த சக்கரங்களோடு வெளியிட்ட வண்டியே இவ்வகைக்கு முன்னோடி. வளைவுகளில் எளிதில் கவிழ்ந்த அந்த மூன்று சக்கர அமைப்பு அமெரிக்காவில் 1988-ஆம் ஆண்டோடு விற்பனையிலிருந்து நீங்க, அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே சுசூக்கி முதலிய நிறுவனங்கள் கொண்டுவந்திருந்த நாற்சக்கர அமைப்பு நிலைபெற்றது. நாற்சக்கர வண்டிகளுள் 1988 முதல் 2000 வரை விற்கப்பட்ட ஹோண்டா ஃபோர்டிராக்ஸ் 300 என்னும் வண்டி பண்ணைகளில் பேர்பெற்றது. காற்றினால் குளிரும் ஒற்றைச் சிலிண்டர், 282 சி.சி. கொள்ளளவு, பின் சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுசெல்லச் சங்கிலிக்குப் பதிலாக ஒரு தண்டு என்னும் எளிய அமைப்புடைய அந்த வண்டிகள், பல ஆண்டுகள் சேற்றிலும் மழையிலும் உழைத்த பின்னர், கொட்டகையின் மூலையில் துருவேறிக் கிடப்பதும், அவற்றைத் தன் கையாலேயே புதுப்பிக்க வேண்டுமென்ற ஆசை, முன்பின் ஸ்பானர் பிடித்தறியாத ஒருவனுக்கு உண்டாவதும் இயல்பு.

அத்தகைய புதியவனுடைய முதல் விருப்பம் என்னவாயிருக்கும்? எதையும் பிரிக்காமலே பழுதை நீக்கிவிட வேண்டும் என்பதுதான். வெளிப்புறத்தைக் கழுவுகிறான், பழைய பெட்ரோல் பிசினாக உறைந்து அடைத்திருந்த கார்புரேட்டர் ஜெட்டைச் சுத்தம் செய்கிறான், பிளக்கையும் ஆயிலையும் மாற்றுகிறான். இன்ஜின் ஓடவும் ஓடுகிறது. ஆனால் பின்புறத்தில் நீலப் புகை எழுகின்றது. ஆயில் அளவு நாளுக்கு நாள் குறைகின்றது. மேடேறும்போது வலிமை இல்லை. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் தேய்ந்து, சிலிண்டரின் உட்சுவரும் தேய்ந்து, எரியும் வாயுவின் அழுத்தம் கீழே கசிய, கீழிருக்க வேண்டிய ஆயில் மேலேறி எரிகிறது. இந்த நோய் இருக்குமிடத்துக்கு வெளியிலிருந்து செல்லும் வழி ஒன்றும் கிடையாது. ஹெட்டைத் தூக்கி, சிலிண்டரைக் கழற்றி, இதுவரை இன்ஜின் என்ற ஒரு பொருளாயிருந்ததைப் பல பொருள்களாக்கினாலன்றி அதைத் தீர்க்கவும் இயலாது. இரக்கத்தினாலோ அச்சத்தினாலோ பிரிக்காமல் விடுகிறவன் அந்த யந்திரத்தைக் காப்பாற்றுகிறவனாகத் தோன்றினாலும், உண்மையில் அதனை மெல்ல மெல்லச் சாகவிடுகிறான். காத்தல் தன் எல்லையை அடைந்துவிட்ட ஓரிடம் உண்டென்பதும், அந்த எல்லைக்கு அப்பால் காக்க விரும்புகிறவனே பிரிக்கத் துணிய வேண்டுமென்பதும் இங்கே தெளிவாகின்றன.

பிரிப்பதற்கும் ஒரு தர்மம் இருக்கிறது. துருப்பிடித்த போல்ட்டைப் பலங்கொண்டு திருகினால் அதன் தலை ஒடியும். எண்ணெய் விட்டு, சூடு காட்டி, பொறுத்திருந்தால் அதுவே இசைந்து வரும். ஹெட்டைப் பிடித்திருக்கும் நட்டுகளுள் ஒன்றை முழுவதும் கழற்றிவிட்டு மற்றொன்றுக்குப் போகலாகாது. குறுக்கு மறுக்காக ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். தவறினால் உலோகம் வளைந்துபோகும். கழற்றிய ஒவ்வொன்றையும் எந்த இடத்திலிருந்து வந்ததென்று எழுதிவைத்து, வரிசை மாறாமல் அடுக்க வேண்டும். திறந்த துவாரங்களைத் தூய துணியால் அடைத்து, காற்றுப்பட்டுத் துருவேறக்கூடிய சிலிண்டர்ச் சுவரில் எண்ணெய் பூச வேண்டும். இவ்வாறு செய்துகொண்டே போகும் புதியவன், பழுதுபார்க்கும் நூல்களெல்லாம் ஒரே விதமாகச் சொல்லும் விதியின் ஆழத்தை உணர்கிறான்: பொருத்துகின்ற முறை, பிரித்த முறைக்கு நேர் தலைகீழ் என்பதே அவ்விதி. கடைசியில் கழன்றது முதலில் அமர வேண்டும். முதலில் கழன்றது கடைசியில் அமர வேண்டும். தத்துவங்களின் ஒடுக்கம் அவற்றின் தோற்றத்துக்கு எதிர்முறையாக நிகழுமென்று பிரம்ம சூத்திரம் கூறுவதும், பூதங்கள் தொடங்கி முப்பத்தாறு தத்துவங்களும் ஒன்றிலொன்று ஒடுங்கி மாயையில் சென்றடங்கி, அங்கிருந்தே மீளத் தோன்றுமென்று சித்தாந்த நூல்கள் வகுத்துரைப்பதும் இதே நியாயத்தைத்தான். முறையோடு நிகழும் ஒடுக்கம் எதனையும் இல்லாமற் செய்வதில்லை. மீண்டும் எழுவதற்குரிய வழியை அது தன்னுள்ளேயே வைத்திருக்கிறது.

ஒடுக்குகின்றவனே தோற்றுவிப்பவன் என்று மெய்கண்டார் கூறியதன் பொருத்தத்தையும் இங்கே காணலாம். புதிய வண்டியை விலைகொடுத்து வாங்கி ஓட்டுகிறவனுக்கு அதன் உள்ளமைப்பு என்றும் தெரிவதில்லை. பிரித்தவனுக்கே, கிராங்க் இரு சுற்றுச் சுற்றும்போது கேம் ஒரு சுற்றுச் சுற்றுவதும், அமுக்க வீச்சின் முடிவில் பிஸ்டன் உச்சியில் நிற்கையில் வால்வுகள் மூடியிருக்க வேண்டியதும், டைமிங் செயின் ஒரு பல் பிசகினாலும் அந்த ஒழுங்கு முழுவதும் குலைந்துவிடுவதும் பிரத்தியட்சமாகத் தெரிகின்றன. ஆதலால் மீளக் கூட்டும் தகுதியும் அவனையே சார்கின்றது. மிலிந்தன் என்னும் கிரேக்க மன்னனுக்கு நாகசேனர் என்ற பௌத்தத் துறவி தேரை எடுத்துக்காட்டி, அச்சும் சக்கரமும் நுகமுமன்றித் தேர் என்று தனியே ஒன்றுண்டோ என்று வினவியதாக மிலிந்த பஞ்ஹம் கூறும். தரையில் பரப்பிய பாகங்களைக் காணும்போது அந்த வினா வலிமையுடையதாகவே தோன்றும். ஆயினும் சித்தாந்தி அவ்விடத்தில் வேறொன்றை வினவுவான்: இந்தப் பாகங்கள் எத்தனை காலம் கிடந்தாலும் தாமே சென்று பொருந்துமோ? ஜடம் தன் ஸ்தானத்தைத் தான் அறியாது. அறிவுடைய ஒருவனது கருத்தில் அந்த முழுமை நிலைத்திருப்பதனாலேயே, சிதறிக் கிடக்கும் நிலையிலும் அவை வெறும் குப்பையாகாமல் ஒரு வண்டியின் அவயவங்களாக இருக்கின்றன.

இனி, பிரித்துச் சுத்தம் செய்து பொருத்திவிட்டால் எல்லாம் முடிந்ததென்று எண்ணுவதும் பிழை. தேய்ந்த சிலிண்டரைப் பட்டறையில் கொடுத்து ரீபோர் செய்து, அளவில் சிறிது பெரிய பிஸ்டனையும் புதிய ரிங்குகளையும் இட்டு, ரிங்குகளின் வாய்கள் ஒரே நேரில் அமையாதபடி திருப்பிவைத்து, குறித்த அளவுக்கு நட்டுகளை முறுக்கிய பின்னரும், அந்த ரிங்குகள் சிலிண்டர்ச் சுவரோடு முழுவதும் ஒன்றியிருப்பதில்லை. வண்டியை மிதமாகவும் வேகத்தை மாற்றி மாற்றியும் ஓட்டுகின்ற ரன்னிங்-இன் காலத்தில், உராய்வினாலும் அழுத்தத்தினாலுமே அவை படிந்து பொருந்துகின்றன. எந்த உழைப்பு தேய்மானத்துக்குக் காரணமோ அந்த உழைப்பே பொருத்தத்துக்கும் காரணமாகிறது. சித்தாந்தம் சம்ஹாரத்தை இளைப்பாறுதல் என்று சொன்னதேயன்றி முத்தி என்று சொல்லாததன் நுட்பம் இதனால் விளங்கும். ஒடுக்கத்தில் உயிர்கள் ஓய்கின்றன. ஆயின் உயிரைப் பிணித்திருக்கும் ஆணவ மலம் அங்கே நீங்குவதில்லை. உடலும் கருவியும் உலகமும் மீளத் தரப்பட்டு, வினையை நுகர்ந்து, அந்த நுகர்ச்சியினால் மலம் பக்குவப்பட்ட பின்னரே அருளுக்கு வாய்ப்பு. ஆகவே சிருஷ்டிக்கும் சம்ஹாரத்துக்கும் பகையில்லை. ஒன்று விட்ட இடத்திலிருந்து மற்றொன்று அதே காரியத்தைத் தொடர்கிறது.

நம்முடைய ஆலயங்களில் நெடுங்காலமாக அனுஷ்டிக்கப்பட்டுவரும் ஜீர்ணோத்தாரண முறை இந்தத் தத்துவத்துக்கு ஓர் உயர்ந்த சாட்சி. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருப்பணி செய்வது வழக்கம். அப்பொழுது பழுதுற்ற கோபுரத்தின் மேலும் கருவறையின் மேலும் உளி படுவதற்கு முன்னால், மூலமூர்த்தியின் சாந்நித்தியத்தைக் கலாகர்ஷணம் செய்து கும்பத்தில் எழுந்தருளச் செய்து, பாலாலயம் என்னும் சிறிய இடத்தில் பிரதிஷ்டித்து, நித்திய பூஜை தடைப்படாமல் நடத்துகிறார்கள். அதன் பிறகே பழைய சுதை உதிர்க்கப்படுகிறது. பழைய மருந்து எடுக்கப்பட்டு, கொம்பரக்கும் குங்குலியமும் தேன்மெழுகும் பிறவும் சேர்த்திடித்த அஷ்டபந்தனம் புதிதாகச் சாத்தப்படுகிறது. ஒன்றைக் கலைப்பதற்கு முன் அதனுள் வாழும் பொருளுக்கு ஓர் இடம் தேடிவைத்தல் எத்தகைய கருணை! அந்தக் கருணை இல்லாதவிடத்து அதே உளியும் அதே சம்மட்டியும் வெறும் இடிப்புக்கருவிகளே.

இங்கே ஓர் ஆக்ஷேபம் எழும். இரும்புக்கு வலியில்லை, பிரிக்கப்படுவதை அது அறியாது, அறிகின்ற உயிரின் துயரத்துக்கு இதனை எப்படி ஒப்பிடலாம்? மேலும், தேய்ந்த ரிங்கைப் புதியவன் எறிந்துவிடுகிறான். எறியப்பட்டதற்கு இந்தப் புதுப்பிப்பினால் என்ன பயன்? இந்த ஆக்ஷேபம் நேர்மையானது, இதனை மழுப்பலாகாது. இரண்டாவது வினாவுக்குச் சித்தாந்தத்தின் விடை தெளிவானது: உயிர்கள் நித்தியமானவை, அவற்றுள் ஒன்றும் எறியப்படுவதில்லை, கழிக்கப்படுவன உடலும் கரணமுமாகிய மாயையின் காரியங்களே, அவையும் தம் காரணத்தில் ஒடுங்குகின்றனவேயன்றிச் சூனியமாவதில்லை. முதல் வினா அவ்வளவு எளிதன்று. மகனைப் பறிகொடுத்த தாயின் முன் நின்று, இது இளைப்பாற்றல் என்று உபதேசிக்கிறவன் சாஸ்திரம் அறிந்தவனாயிருக்கலாம், தயை அறிந்தவனாகான். பிறருடைய துக்கத்துக்கு விளக்கம் சொல்வதற்காக இந்தக் கொள்கை ஏற்பட்டதன்று. தன் துக்கத்தை, தன் தளர்ச்சியை, தன் வாழ்வில் கலைந்து விழும் அமைப்புகளைத் தானே நோக்குகின்ற ஒருவன், அவற்றின் பின்னால் ஒரு முறையும் ஒரு நோக்கமும் இருக்கக்கூடுமென்று பொறுத்திருப்பதற்காகவே அது ஏற்பட்டது. வலியை அது மறுக்கவில்லை. வலிக்குப் பின்னால் வெறுமை மட்டுமே உண்டென்ற முடிவையே மறுக்கிறது.

மனித வாழ்க்கைக்கு இதனால் பெறப்படும் கடமையும் ஒன்றுண்டு. பழைய வழக்கங்கள், பழைய ஸ்தாபனங்கள், பழைய நம்பிக்கைகள் ஆகியவற்றைக் கலைத்தே தீரவேண்டிய காலங்கள் எல்லாச் சமூகங்களுக்கும் வருகின்றன. அவை நீலப் புகை கக்குகின்ற நிலையிலும் மேற்பூச்சுப் பூசி ஓட்ட விரும்புகிறவர்கள், அவற்றை நேசிப்பவர்களல்லர். அவ்வாறே, எந்தப் பாகம் எங்கிருந்து வந்ததென்று குறித்துவைக்காமல், உள்ளே வாழும் பொருளுக்குப் பாலாலயம் அமைக்காமல், மீளக் கூட்டும் பொறுப்பையும் ஏற்காமல் சம்மட்டி எடுக்கிறவர்களும் சீர்திருத்தக்காரர் என்ற பெயருக்கு உரியவர்களல்லர். முறை அறிந்து கலைத்தல், உயிருள்ளதைப் பேணுதல், மீளக் கூட்டும்வரை அகலாதிருத்தல் என்னும் மூன்றும் சேர்ந்தவிடத்தில் மட்டுமே அழித்தல் அருளாகிறது. இவற்றுள் மூன்றாவது மிகக் கடினமானது. பிரிக்கும் உற்சாகத்தோடு தொடங்கப்பட்டுப் பெட்டிகளில் பாகங்களாகவே நின்றுவிட்ட வண்டிகள் உலகில் எத்தனையோ உண்டு.

அறிவு குறைந்த, கை பழகாத ஒரு மனிதனே, தான் நேசிக்கும் ஒரு பழைய யந்திரத்தை அதன் நன்மைக்காகவே கலைக்கக்கூடுமென்றால், முற்றறிவும் பேரன்பும் உடைய ஒருவன் உலகத்தை ஒடுக்குவதும் அன்பினால் ஆகலாமென்று எண்ணுவது அறிவுக்கு விரோதமானதன்று. இந்த ஒப்புமை கடவுளின் கருணையை நிரூபித்துவிட்டதென்று நான் சொல்லமாட்டேன். ஜடத்தைக் கொண்டு சேதனத்தின் விதியை நிரூபிக்க முடியாது. ஆயினும், அழிவைக் கண்ட மாத்திரத்தில் அதனைப் பகையென்று முடிவு கட்டாமல், அதன் முறையை நோக்கவும், முடிவுவரை பொறுக்கவும் மனத்தைப் பழக்குகின்ற எந்தத் தொழிலும் ஆன்ம சாதனத்துக்கு அயலானதன்று. அந்தப் பழக்கத்தோடு கையில் ஸ்பானரை எடுக்கிறவன், தனக்குத் தெரியாமலே சம்ஹாரத்தின் கருணையைப் பயில்கிறான்.