"முடியலடா" என்று சொல்ல ஓர் ஆள்



போன மாதம் நம் வட்டார இளைஞர் கூட்டத்தில் என்னைப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். "தலைப்பு உன் இஷ்டம் தம்பி, ஆனா சமயம் இருக்கணும்" என்றார் பொறுப்பாளர் அண்ணன். அப்போது என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்: என்னுடைய முதுகுப் பை. அதனால் பையைப் பற்றியே பேசினேன். அன்று பேசியதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். நான் சமயம் கற்றுத் தேர்ந்தவன் இல்லை. சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு மாணவன். பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வருகிற மார்ச் மாத செமஸ்டர் விடுமுறையில் நானும் என் நண்பனும் நேப்பாளம் போகிறோம். அன்னபூர்ணா மலைத்தொடரைச் சுற்றிக்கொண்டு, தோரோங் லா என்ற கணவாயைக் கடந்து, முக்திநாத் கோயிலுக்கு நடந்தே போவதாகத் திட்டம். முக்திநாத் நமக்கு அந்நிய ஊர் இல்லை. 108 திவ்ய தேசங்களில் ஒன்றான சாளக்கிராமம் என்று அதைத்தான் வணங்குகிறோம். பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் அந்தத் திருத்தலத்தைப் பாடியிருக்கிறார்கள். கோயிலின் பின்புறம் வரிசையாக 108 தாரைகளில் பனித்தண்ணீர் கொட்டும். அத்தனையின் கீழும் தலையைக் கொடுத்து ஓடவேண்டும் என்பது என் நண்பனுடைய ஆசை. உண்மையைச் சொன்னால், என் ஆசை வேறு. கணவாயின் உயரம் 5,416 மீட்டர். அங்கே நின்று ஒரு படம் எடுக்கவேண்டும். அவ்வளவுதான்.

இதற்காக ஒரு வருடமாகப் பணம் சேர்த்தோம். அவன் மாமாக் கடையில் வார இறுதி வேலை. நான் மோட்டாரில் சாப்பாடு டெலிவரி. விமான டிக்கெட் வாங்கியாயிற்று. மலிவு டிக்கெட், போகாவிட்டால் காசு திரும்ப வராது. வெளிநாட்டுக்காரர்கள் வழிகாட்டி இல்லாமல் மலையில் நடக்கக்கூடாது என்று 2023-ல் அந்த நாட்டில் விதி கொண்டுவந்திருக்கிறார்கள். அந்தச் செலவும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டோம்.

பயிற்சியும் ஆரம்பித்தோம். காலை ஐந்தரைக்கு பத்துமலையில் 272 படிகள், பையில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கிக்கொண்டு ஐந்து தடவை ஏறி இறங்குவோம். எனக்கு அது பழகிவிட்டது. அவனுக்கு மூச்சு வாங்கும். மூன்றாவது தடவையிலேயே நான் முன்னால் போய், மேலே நின்றுகொண்டு கைக்கடிகாரத்தைப் பார்ப்பேன். ஒரு நாள் எங்கள் நண்பர்கள் குழுவில் எல்லார் முன்னாலும் விளையாட்டாகச் சொன்னேன்: "டேய், உன்னால ஏலலைன்னா இப்பவே சொல்லிடு, வேற ஆள் ரெடியா இருக்கு." எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

அடுத்த மாதம் குனோங் நுவாங் போனோம். உலு லங்காட் பக்கம் ஏறுகிற பாதை. சிலாங்கூர் மாநிலத்திலேயே உயரமான மலை, 1,493 மீட்டர். பெரிய மலைக்குத் தயாராகிறவர்கள் பலர் பயிற்சிக்குப் போகிற இடம். முதலில் முடிவே இல்லாத மாதிரி ஒரு மண் சாலை, பிறகு கேம் லோலோ, அதற்கு மேல் செங்குத்தாக ஏற்றம், அட்டைக்குப் பேர்போன கேம் பாச்சாட், அப்புறம் உச்சி. கேம் லோலோவில் அவன் உட்கார்ந்துவிட்டான். "நீ முன்னால போ மச்சான், நான் மெதுவா வரேன்" என்றான். நானும் போனேன். கேம் பாச்சாட்டில் கால் மணி நேரம் நின்றேன். ஆள் வரவில்லை. எனக்கு என் நேரக்கணக்கு முக்கியம். உச்சிக்குப் போனேன், படம் எடுத்தேன், இறங்கினேன்.

கேம் லோலோவுக்குச் சற்று மேலே, ஒரு வேரின் மீது அவன் உட்கார்ந்திருந்தான். வலது முட்டி வீங்கியிருந்தது. தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது. மணி நான்கைத் தாண்டிவிட்டது, காட்டுக்குள் வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. நான் முதலில் சொன்னது என்ன தெரியுமா? "அப்பவே சொன்னேன்ல, ரொட்டி சானாயைக் குறை, ஒழுங்கா ப்ராக்டிஸ் பண்ணுனு."

அவன் கோபப்படவில்லை. மெதுவாகச் சொன்னான்: "முட்டி வலி ரெண்டு மாசமா இருக்குடா. சொன்னா நீ வேற ஆளைக் கூட்டிட்டுப் போயிடுவேன்னு சொல்லல."

அவன் பையையும் என் முன்பக்கம் மாட்டிக்கொண்டு, அவனைத் தோளில் தாங்கி இறங்கினேன். கீழே வரும்போது இரவு ஒன்பதரை. மூன்று மணி நேரப் பேச்சில்லாத நடையில் அந்த ஒரு வாக்கியம் மட்டும் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

நண்பர்களே, அந்த வாரம்தான் மகாபாரதத்தின் கடைசிப் பகுதியை மறுபடி படித்தேன். பாண்டவர் ஐவரும் திரௌபதியும் எல்லாவற்றையும் துறந்து வடக்கே இமயத்தை நோக்கி நடக்கிறார்கள். கூடவே ஒரு நாய். வழியில் முதலில் திரௌபதி விழுகிறாள். பிறகு சகாதேவன், நகுலன், அர்ச்சுனன், கடைசியில் பீமன். ஒவ்வொருவர் விழும்போதும் "இவர் ஏன் விழுந்தார்?" என்று பீமன் கேட்கிறான். தருமர் காரணம் சொல்கிறார். இவனுக்கு அறிவுச் செருக்கு, இவனுக்கு அழகுச் செருக்கு என்கிறார். பீமனே விழுந்து கேட்டபோது, நீ அளவுக்கு மீறிச் சாப்பிட்டாய், பலத்தைப் பற்றிப் பெருமை பேசினாய் என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடக்கிறார்.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. ரொட்டி சானாயைக் குறை என்று நானும் சொன்னேனே!

அது பற்றற்ற நிலை என்று பெரியவர்கள் விளக்குவார்கள். உயிரை விடுவதற்காகவே கிளம்பிய பயணம், அங்கே திரும்பிப் பார்க்க ஒன்றுமில்லை என்பார்கள். அதை மறுத்துப் பேச எனக்கு அறிவு போதாது. ஆனால் கதை அங்கே முடியவில்லையே. இந்திரன் தேரோடு வருகிறான். தம்பிகளும் திரௌபதியும் இல்லாமல் எனக்குச் சொர்க்கம் வேண்டாம் என்கிறார் தருமர். அவர்கள் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று இந்திரன் சொல்கிறான். அடுத்து, நாயை விட்டுவிட்டு ஏறு என்கிறான். தன்னை நம்பி வந்ததைக் கைவிட மாட்டேன் என்று தருமர் நின்றுவிடுகிறார். அந்த நாய் தருமதேவதை என்று நமக்கெல்லாம் தெரியும். பெரும்பாலும் சமய வகுப்பில் கதையை இங்கேயே முடித்துவிடுவோம்.

அதற்குப் பிறகு வருவதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. சொர்க்கத்தில் துரியோதனன் வீற்றிருக்கிறான், தம்பிகளைக் காணோம். அவர்கள் இருக்கும் இடத்துக்கே போகவேண்டும் என்கிறார். இருட்டும் துர்நாற்றமும் நிறைந்த ஒரு வழியில் தேவதூதன் அழைத்துப் போகிறான். தாங்கமுடியாமல் தருமர் திரும்பும்போது இருட்டிலிருந்து குரல்கள் கெஞ்சுகின்றன. நீங்கள் வந்ததும் குளிர்ந்த காற்று வீசுகிறது, வேதனை குறைகிறது, கொஞ்ச நேரம் நில்லுங்கள் என்று. யார் நீங்கள் என்று கேட்கிறார். கர்ணன், பீமன், அர்ச்சுனன் என்று ஒவ்வொரு பெயராக வருகிறது. அவர்கள் ஏன் அங்கே விழுந்தார்கள் என்று இந்தத் தடவை அவர் காரணம் சொல்லவில்லை. நான் இங்கேயே இருக்கிறேன், நீ போய்ச் சொல் என்று தூதனை அனுப்பிவிடுகிறார். அதன் பிறகுதான் அந்த நரகம் மறைகிறது.

மலையில் விழுந்தவர்களுக்குக் காரணம் சொன்ன அதே தருமர், இருட்டில் குரல் கேட்டதும் நின்றுவிட்டார். ஆராய்ச்சியாளர்கள் என்ன சொல்வார்களோ தெரியாது. எனக்குப் புரிந்தது இதுதான்: ஒருவன் ஏன் விழுந்தான் என்று சொல்வது சுலபம், சொர்க்கம் வரை நடந்தவருக்கும் கடைசிப் பரீட்சை அவன் பக்கத்தில் நிற்பதுதான்.

இதை ஏதோ தத்துவமாக மட்டும் சொல்லவில்லை. உயரத்தில் இது உயிர்ப் பிரச்சினை. 5,400 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். 3,000 மீட்டருக்கு மேலே போனால், தூங்குகிற உயரத்தை ஒரு இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. தலைவலி, குமட்டல், பசியின்மை வந்தால் மேலே ஏறக்கூடாது. கூடினால் உடனே இறங்கவேண்டும். தினமும் ஓடுகிறவனுக்கும் இது வரும். உடல் பலம் இதைத் தடுக்காது. தலைவலியை முதலில் உணர்கிறவன் அவன்தான். அவன் வாய் திறந்து சொன்னால்தான் பக்கத்தில் இருக்கிறவனுக்குத் தெரியும். முட்டி வலியையே என்னிடம் மறைத்தவன், தலைவலியை மட்டும் சொல்லிவிடுவானா?

பாலம் கட்டும் பாடத்தில், அதிகமாகத் தாங்கும் பாகத்தை வைத்துப் பாரத்தை முடிவு செய்யமாட்டோம். எது முதலில் உடையுமோ அதை வைத்துத்தான் கணக்கு. தேர்வில் இதற்கு எனக்கு முழு மதிப்பெண். வாழ்க்கையில் பூஜ்யம்.

அதனால் எங்கள் தயாரிப்பை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். என் பை 13 கிலோ இருந்தது, இப்போது 9. கேமரா முக்காலி வீட்டிலேயே இருக்கட்டும். எல்லாம் இரண்டிரண்டாக வைத்திருந்ததை ஒன்றாக்கினோம். மருந்துப் பெட்டி அவன் பையில், தண்ணீர் வடிகட்டி என் பையில். ஒருவனை விட்டு ஒருவன் முன்னால் ஓடமுடியாது. நடக்கும்போது அவன்தான் முன்னால், நான் பின்னால். தினமும் இரவு உணவுக்கு முன் ஒருவரை ஒருவர் மூன்று கேள்வி கேட்கவேண்டும்: தலை எப்படி, வயிறு எப்படி, முட்டி எப்படி. ஒருவன் "போதும்" என்றால் இருவரும் நிற்கவேண்டும், காரணம் கேட்கக்கூடாது. இதை ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, முருகன் படத்துக்குக் கீழே வைத்தோம். அம்மா விளக்கேற்றும்போது எடுத்துப் படித்துவிட்டு, "கல்யாணப் பத்திரம் மாதிரி இருக்கேடா" என்று சிரித்தார்.

அவன் முட்டிக்கு இப்போது பிசியோதெரபி நடக்கிறது. கணவாயிலிருந்து முக்திநாத்துக்கு ஒரே நாளில் சுமார் 1,600 மீட்டர் இறங்கவேண்டும். முட்டிக்கு ஏற்றத்தைவிட இறக்கம் கொடியது. பிப்ரவரியில் மருத்துவர் வேண்டாம் என்றால், கணவாயை விட்டுவிட்டு மறுபக்கமாக ஜோம்சோம் வழியில் ஜீப்பில் போய்ச் சாமி கும்பிடுவோம். தாத்தா பாட்டிகள் போகிற வழி. 108 தாரைகள் அவனுக்குக் கிடைக்கும், 5,416 எனக்குக் கிடைக்காது. சரி என்று சொல்லிவிட்டேன். முழு மனதோடு சொன்னேனா என்றால், இன்னும் முக்கால் மனதுதான். மீதிக் கால் மனதுக்குத்தான் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

தம்பி தங்கைகளே, நீங்கள் மலை ஏறாமல் இருக்கலாம். ஆனால் உங்கள் கூட்டத்திலும் ஒருவர் பின்தங்கி வருவார். பாடத்தில் ஃபெயில் ஆனதை வீட்டில் சொல்லாதவர், ஹாஸ்டல் அறையில் இரண்டு நாளாகக் கதவைத் திறக்காதவர், கடன் வாங்கிவிட்டுச் சிரித்துக்கொண்டே சுற்றுகிறவர். அவர் ஏன் சொல்லவில்லை என்று கேட்பதற்கு முன், அவர் முன்னால் நாம் என்ன ஜோக் அடித்தோம் என்று யோசித்துப் பாருங்கள். இன்று ராத்திரி அவருக்கு ஒரு போன் போடுங்கள். அறிவுரை வேண்டாம். "எப்படிடா இருக்க?" என்று கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்லும் வரை போனை வைக்காதீர்கள்.

வேலும் மயிலும் துணை.