அடித்துவிட்ட வாக்கியம்

எழுத்தாளனுக்கு வருகிற அழைப்புகள் பலவகை. பள்ளிக்கூட ஆண்டு விழா, நூலகத் திறப்பு, நண்பர் வீட்டுத் திருமணத்தில் வாழ்த்துரை. சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு வந்த ஓர் அழைப்பு சற்றுப் புதுமையானது. கரிசல் பூமியில் உள்ள ஓர் ஊரின் உற்பத்தியாளர் சங்கம் தன் ஆண்டு விழாவுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தது. ஊரின் பெயரையும் அங்கே தயாராகும் பொருளின் பெயரையும் சொல்லாமல் விடுகிறேன். அந்தப் பொருள் உங்கள் வீட்டிலும் இருக்கிறது, என் வீட்டிலும் இருக்கிறது என்று சொன்னால் போதும்.

விழாவில் பேசுவதோடு இன்னொரு சிறு வேலையும் எனக்கு இருந்தது. குழந்தைகளையும் வளரும் பிள்ளைகளையும் பாதுகாப்பது பற்றிச் சங்கம் ஓர் உறுதிமொழி எடுக்கப்போகிறது. அதன் தமிழைக் கொஞ்சம் செப்பனிட்டுத் தர வேண்டும் என்று செயலாளர் கேட்டிருந்தார். மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன்.

முதல் நாள் மாலையே போய்ச் சேர்ந்து, சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் வீட்டில் தங்கினேன். நல்ல மனிதர். ஊரைச் சுற்றிக் காட்டுவதாகச் சொல்லி அழைத்துப் போனார். அவர் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு தகரக் கொட்டகை. உள்ளே பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். எல்லோரும் பெரியவர்கள். வாசலில் செருப்புகள் கிடந்தன. அவற்றில் இரண்டு ஜோடி மிகச் சிறியவை. ஒன்றின் வாரில் பிளாஸ்டிக் பூ ஒட்டியிருந்தது.

உள்ளே குழந்தை எவரும் இல்லை. மூலையில் சாக்கு மூட்டைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. நான் அந்த மூட்டைகளைப் பார்த்தேன். நண்பரும் பார்த்தார். இருவரும் ஒன்றும் பேசாமல் தெருவுக்கு வந்துவிட்டோம்.

இரவு சாப்பாடு முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது அவரே பேச்சை எடுத்தார்.

"நீங்க பார்த்தீங்கன்னு எனக்குத் தெரியும் சார். ஊரிலே எல்லாருக்கும்தான் தெரியும். யார் போய்ச் சொல்றது? அவன் எனக்கு மச்சினன் முறை வேணும். அடுத்த மாசம் அவன் மகளுக்குக் கல்யாணம். பந்தியிலே நான் உட்கார வேண்டாமா?"

இந்தக் கேள்விக்கு எனக்கு உடனே பதில் தோன்றவில்லை. இத்தனை ஆண்டுகளாக யோசித்ததில் தோன்றியதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

மறுநாள் காலையில் செயலாளர் உறுதிமொழியைக் கொண்டுவந்தார். முதல் வாக்கியமே இப்படி இருந்தது: 'எங்கள் உறுப்பினர் எவரும் குழந்தைகளை வேலைக்கு வைப்பதில்லை.' மொழியையே பிழைப்பாகக் கொண்டவன் அல்லவா நான்? எனக்கு அதில் ஒரு குறை தட்டுப்பட்டது. உறுதிமொழி என்பது இனிமேல் நடக்கப்போவதைப் பற்றியது. இதுவோ நடப்பதைப் பற்றிய நற்சான்று. அதுவும் தமக்குத் தாமே கொடுத்துக்கொள்ளும் நற்சான்று. ஆகவே கீழே ஒரு வாக்கியம் சேர்த்தேன்: 'எங்களில் எவரேனும் வைத்திருப்பது தெரியவந்தால், உரிய அதிகாரிக்கு நாங்களே தெரிவிப்போம்.'

செயலாளர் படித்தார். ஒரு முறை புன்னகை செய்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார்.

"இது மட்டும் வேண்டாங்க ஐயா. இதைப் போட்டா சங்கமே இருக்காது."

நான் வாதாடவில்லை. மற்ற வரிகளை அழகாக்கிக் கொடுத்தேன். மாலையில் அதை எல்லோரும் எழுந்து நின்று படித்தார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நானும் போர்த்திக்கொண்டேன்.

'இதைப் போட்டால் சங்கமே இருக்காது' என்று அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். சங்கம் என்பது உறுப்பினர்களுக்காக ஏற்பட்டது. வரிச்சுமை, மூலப்பொருளின் விலை, லாரி வாடகை என்று எத்தனையோ தொல்லைகளில் ஒருவருக்கொருவர் தோள் கொடுப்பதுதான் அதன் தருமம். குழந்தை சங்கத்தில் உறுப்பினர் அல்ல. சந்தா கட்டுவதில்லை. பொதுக்குழுவில் கை தூக்குவதில்லை. நாட்டுத் தேர்தலில்கூட அதற்கு வாக்கு இல்லை. தொழிலாளர் சங்கத்திலும் அதற்கு இடமில்லை. இப்படி எந்தச் சபையிலும் குரல் இல்லாத ஒரு ஜீவனுக்காக, தோளோடு தோள் நிற்கும் கூட்டாளியைப் பகைத்துக்கொள்ள முடியுமா? இதுதான் கேள்வி.

இதற்குச் சட்டம் பதில் சொல்லிவிட்டதே என்பீர்கள். சட்டத்தின் கதை நீளமானது. 1938ஆம் ஆண்டிலேயே பீடி, தீப்பெட்டி, பட்டாசு முதலிய தொழில்களின் பட்டறைகளில் பன்னிரண்டு வயது நிரம்பாதவர்களை வைக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. குடும்பத்தாரைக் கொண்டு நடத்தும் பட்டறைக்கு மட்டும் அதில் விலக்கு. விலக்கு என்கிற சிறிய கதவு திறந்திருந்தால், ஊரிலுள்ள குழந்தைகள் எல்லாம் முதலாளிக்கு உறவாகிவிடுவது பெரிய அதிசயம் அல்ல. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 24ஆவது பிரிவு, பதினான்கு வயது நிரம்பாத குழந்தையைத் தொழிற்சாலையிலும் சுரங்கத்திலும் ஆபத்தான வேலையிலும் வைக்கக்கூடாது என்றது. 1986இல் மீண்டும் ஒரு சட்டம். 2016இல் அதைத் திருத்தி, பதினான்கு வயது நிரம்பாதவர்களை எந்த வேலையிலும், பதினெட்டு நிரம்பாதவர்களை ஆபத்தான வேலைகளிலும் வைக்கக்கூடாது என்று விதித்தார்கள். பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் குழந்தை உதவலாம் என்ற விலக்கு அப்போதும் மிஞ்சியது.

'அந்தக் குழந்தையின் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்?' என்று கேட்பவர்களும் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். சிவகாசியின் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் இருந்த குழந்தைகளைப் பற்றிய வழக்கில் 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அந்தக் கேள்வியையும் கேட்டு, பதிலும் சொன்னது. சட்டத்தை மீறிக் குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி, குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் நல நிதிக்குக் கட்ட வேண்டும். அந்த வீட்டில் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசாங்கம் வழிசெய்ய வேண்டும், இல்லையேல் தன் பங்காக 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும் என்றது. வேலை இருக்குமானால் அதைத் தகப்பனுக்குக் கொடு, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பு என்பதே அதன் சாரம். வறுமையைக் காரணம் காட்டுகிறவர்கள், அதே வேலையைத் தாய்க்கு முழுக் கூலியோடு கொடுக்க ஏன் தயங்குகிறார்கள்? குழந்தையின் கை சின்னது என்பதைவிடக் குழந்தையின் கூலி சின்னது என்பதே பெரிய வசதி.

ஆனால் இத்தனை சட்டங்களையும் படித்துப் பார்த்த எனக்கு ஒரு சொல் மட்டும் கண்ணில் உறுத்தியது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மீறல் நடந்தால் எவர் வேண்டுமானாலும் புகார் செய்யலாம். செய்யலாம்! செய்ய வேண்டும் என்று இல்லை. பாலியல் கொடுமையிலிருந்து குழந்தைகளைக் காக்க 2012இல் வந்த சட்டமோ வேறு விதமாகப் பேசுகிறது. பதினெட்டு நிரம்பாத எவருக்கும் அத்தகைய தீங்கு நேர்ந்தது என்று தெரிந்தவர் அதைத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். தனக்குக் கீழ் உள்ள ஒருவன் செய்ததை மறைத்தால், நிறுவனத்தின் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு.

'லாம்' என்பதற்கும் 'வேண்டும்' என்பதற்கும் இடையில் இலக்கணத்தில் உள்ள தூரம் அற்பமானது. வாழ்க்கையிலோ அந்த இடைவெளியில்தான் நம்மில் பெரும்பாலோர் குடியிருக்கிறோம்.

வேலைக்குப் போகச் சட்டம் அனுமதிக்கிற வயதுப் பிள்ளைகளின் நிலையும் இதுதான். தென் மாவட்டங்களிலிருந்து மேற்கே நூற்பாலைகளுக்குப் போன பெண்களை நினைத்துப் பாருங்கள். மூன்று ஆண்டு வேலை செய்தால் முடிவில் மொத்தமாக ஒரு தொகை, அதைக் கொண்டு திருமணம் என்று சொல்லி அழைத்துப் போனார்கள். அதற்குச் சுமங்கலித் திட்டம் என்று மங்கலமான பெயர் வேறு. விடுதியை விட்டு வெளியே போகவும் அனுமதி வேண்டும். பதினாறு வயதுப் பெண்ணுக்கு அங்கே மேற்பார்வையாளனால் ஒரு துன்பம் நேர்ந்தால் அவள் யாரிடம் சொல்வாள்? பாதியில் திரும்பினால் பணம் போயிற்று. சொன்னால் பெயர் போயிற்று. அவளுடைய மௌனத்துக்குக் காரணம் புரிகிறது. பார்த்துக்கொண்டிருந்த பெரியவர்களின் மௌனத்துக்கு என்ன காரணம்?

தெரியாது என்று சொல்லச் சங்கங்களுக்கு வாய் இல்லை. பேசிவைத்த விலைக்கு ஓர் அணா குறைத்து ஒருவன் சரக்கை விற்றால், மறுநாள் பொழுது விடிவதற்குள் அது சங்கத்துக்குத் தெரிந்துவிடுகிறது. அவனைக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள், கண்டிக்கிறார்கள். அப்போது மச்சினன் முறை குறுக்கே வருவதில்லை. பந்தியும் நினைவுக்கு வருவதில்லை. சரக்கின் விலைக்காகக் காட்டுகிற கண்டிப்பைக் குழந்தைக்காகக் காட்டினால் மட்டும் அதற்குக் காட்டிக்கொடுத்தல் என்று பெயர் வந்துவிடுகிறது!

கூட்டாளியைக் காப்பது தருமம்தான். ஆனால் எதிலிருந்து காப்பது? பலமுள்ளவனின் அநீதியிலிருந்து பலமற்றவனைக் காக்கும்போதுதான் அதற்குத் தருமம் என்று பெயர். பலமற்றவனின் நியாயமான முறையீட்டிலிருந்து பலமுள்ளவனைக் காத்தால் அது வெறும் கட்டுப்பாடு. கொள்ளைக் கூட்டத்திலும் கட்டுப்பாடு உண்டு.

ஆகவே, என் நண்பரின் திண்ணைக் கேள்விக்கு இன்று நான் சொல்லக்கூடிய பதில் இதுதான். நீங்கள் தனியாகப் போய்ச் சொல்வது கடினம், உண்மை. தனி மனிதன் மச்சினனாகவும் அண்டை வீட்டானாகவும் இருக்கிறான். அதற்காகத்தான் சங்கம் வேண்டும். தனி ஒருவனால் சொல்ல முடியாததை எல்லோருமாகச் சேர்ந்து சொல்வதற்கு, 'சொன்னவன் இவன்' என்று ஒருவனை நோக்கி விரல் நீளாமல் இருப்பதற்கு, அந்த ஒரு வாக்கியம் அங்கே எழுதியிருக்க வேண்டும். அது இருந்தால், முறையிடுகிற கடமை சங்கத்துக்கு. பந்தியில் உட்காருகிற உரிமை உங்களுக்கு. சங்கமே இருக்காது என்றாரே செயலாளர், அந்த வாக்கியம் இல்லாத சங்கம் இருந்து என்ன பயன்?

இதைச் சொல்கிற தகுதி எனக்கு உண்டா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும். செருப்பைப் பார்த்தவன் நான். மூட்டையைப் பார்த்தவன் நான். புகார் செய்திருக்கலாம். செய்யவில்லை. எனக்கு அந்த ஊரில் மச்சினனும் இல்லை, கல்யாணப் பந்தியும் இல்லை. ஒரு பொன்னாடை மட்டும்தான் இருந்தது. அந்நியர் காலடிச் சத்தம் கேட்டதும் மூட்டைக்குப் பின்னால் ஓடி, மூச்சை அடக்கி உட்காருவதற்கு அந்த இரண்டு குழந்தைகளையும் யாரோ பழக்கியிருக்கிறார்கள். அன்று அவர்கள் ஒளிந்தது என்னைக் கண்டு.

அந்த உறுதிமொழி இன்றும் சங்க அலுவலகச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறதாம். நடை நன்றாக இருக்கிறது என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

இந்த ஆண்டு விழாவுக்கும் கடிதம் வந்தது. வருகிறேன், ஆனால் அடித்துவிட்ட அந்த வரியைச் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டு எழுதினேன். செயலாளரிடமிருந்து பதில் வரவில்லை. திண்ணை நண்பருக்கும் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். அவராவது எழுதுவார் என்று தபாலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.